ஃபைல் எங்கே போச்சு?

கேள்வி: ஐகோர்ட் நீதிபதிக்கு 62 வயதில் ஓய்வு. அவர் பதவியேற்கும் நாளிலேயே அந்தத் தேதி தெரிந்துவிடுகிறது. அப்புறம் எப்படி நாற்காலி காலியாகக் கிடக்கிறது? (கரோல்பாக், டெல்லி)

பதில்: நடைமுறை என்னவோ அருமை. இடம் காலியாவதற்கு ஆறு மாதம் முன்பே ஐகோர்ட் தலைமை நீதிபதி, அடுத்த இரண்டு சீனியர்களோடு பேசிப் பெயர்களை அனுப்ப வேண்டும். பிறகு உளவுத்துறை அறிக்கை, சட்ட அமைச்சகம், சுப்ரீம் கோர்ட்டின் சீனியர் நீதிபதிகள் குழுவான கொலீஜியம், திரும்பவும் அமைச்சகம், பிரதமர், கடைசியாக ஜனாதிபதி கையெழுத்து. 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை வாரம் என்று கெடுவே விதித்தது. கோர்ட்டில் வாய்தா வாங்கக் கற்றுக்கொண்ட அரசுக்கு, கோர்ட்டுக்கே வாய்தா கொடுக்கத் தெரியாதா? டெல்லி ஐகோர்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 60. பல வருடங்களாகக் காலியிடங்களோடுதான் வண்டி ஓடுகிறது.

கேள்வி: மற்ற ஐகோர்ட்டுகளை விட டெல்லி மேல் அரசியல்வாதிகளுக்கு ஏன் இத்தனை கண்? (திருச்சி)

பதில்: மத்திய அரசு குடியிருக்கும் ஊர் அது. அமைச்சகத்தின் உத்தரவு, சிபிஐ, அமலாக்கத்துறை, தலைவர்களின் ஜாமீன் என எது கோர்ட் ஏறினாலும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ஷேர் ஷா சாலையில்தான். பக்கத்து வீட்டுக்கு யார் குடிவருகிறார்கள் என்று பார்க்காதவர் உண்டா?

கேள்வி: நீதிபதிகளைப் பழிவாங்குவது எமர்ஜென்சி காலத்தோடு முடிந்த கதைதானே? (மயிலாப்பூர், சென்னை)

பதில்: முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1975-ல் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் மனைவி டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார். விசாரித்தவர்கள் எஸ். ரங்கராஜன், ஆர்.என். அகர்வால். தீர்ப்பு எப்படி வரும் என்று மோப்பம் பிடித்த அரசு, நய்யாரை முன்கூட்டியே விடுதலை செய்துவிட்டு, ‘ஆள்தான் வெளியே வந்துவிட்டாரே, இனி தீர்ப்பு எதற்கு?’ என்று கேட்டது. இருவரும் அசரவில்லை. செப்டம்பரில் தீர்ப்பை வாசித்தார்கள்: கைது செல்லாது. பரிசு என்ன தெரியுமா? ரங்கராஜனுக்கு கௌஹாத்திக்கு மாற்றல். கூடுதல் நீதிபதியாக இருந்த அகர்வாலை நிரந்தரமாக்காமல் செஷன்ஸ் நீதிபதியாகவே திருப்பி அனுப்பினார்கள்.

அன்று தீர்ப்புக்குப் பிறகு தண்டனை. இன்று தீர்ப்பு எழுத உட்காருவதற்கு முன்பே ஃபைலை நிறுத்திவிடலாம். சத்தம் கிடையாது, உத்தரவு கிடையாது, அப்பீல் செய்யவும் எதுவும் கிடையாது.

கேள்வி: நீதிபதி முரளிதர் விஷயத்தில் உங்கள் கட்சி எது? (மயூர்விஹார், டெல்லி)

பதில்: தேதிகளின் கட்சி. 2020 பிப்ரவரி 26, டெல்லி கலவர வழக்கு. ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் பேச்சைக் கோர்ட் அறையிலேயே வீடியோவில் ஓடவிட்டுப் போலீசைக் கேள்வி கேட்டார் டெல்லி ஐகோர்ட் நீதிபதியாக இருந்த முரளிதர். அன்றிரவே பஞ்சாப்–ஹரியானா ஐகோர்ட்டுக்கு மாற்றி அறிவிக்கை. கொலீஜியத்தின் பரிந்துரை பிப்ரவரி 12-லேயே வந்துவிட்டது என்கிறது அரசு. உண்மைதான். இரண்டு வாரம் தூங்கிய ஃபைல் அந்த ராத்திரி பார்த்து விழித்துக்கொண்டதே, அதுதான் விசேஷம்!

பின்னால் ஒடிசா தலைமை நீதிபதியான அதே முரளிதரை 2022 செப்டம்பரில் சென்னைக்குத் தலைமை நீதிபதியாகப் பரிந்துரைத்தார்கள். இந்தத் தடவை ஃபைல் விழிக்கவே இல்லை. 2023 ஏப்ரலில் கொலீஜியமே பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் ஒடிசா தலைமை நீதிபதியாகவே அவர் ஓய்வு பெற்றார். நஷ்டம் நமக்கு.

கேள்வி: காங்கிரஸ் மட்டும் யோக்கியமா? (நாக்பூர்)

பதில்: யார் சொன்னது? 1973-ல் மூன்று சீனியர்களைத் தாண்டி ஏ.என். ராயை சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாக்கியது யார்? 1981-ல் டெல்லி கூடுதல் நீதிபதி எஸ்.என். குமாரின் பதவியை நீட்டிக்காமல் விட்டது யார்? அது வழக்கானபோது சுப்ரீம் கோர்ட்டும் அரசின் கையையே ஓங்கவைத்தது. அந்த வினைதான் 1993-ல் கொலீஜியமாக முளைத்தது. நம்மூரும் சளைத்ததல்ல: சென்னை ஐகோர்ட் கூடுதல் நீதிபதி ஒருவரைத் தக்கவைக்க, மன்மோகன் அரசை ஒரு தமிழகக் கூட்டணிக் கட்சி நெருக்கியதாக 2014-ல் முன்னாள் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு குற்றம் சாட்டினார்.

கேள்வி: அரசியல் வாடை அடிக்கும் ஆளை நீதிபதியாக்கலாமா? (மதுரை)

பதில்: ஆக்கலாம். கேரளத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யரை விடப் பெரிய வாடை உண்டா? அவர் நீதிபதியானதில் நாட்டுக்கு லாபம்தான். என் புகார், அரசின் மூக்குக்கு ஒரு பக்கத்து வாடை மட்டும் தெரியாததுதான். பாஜக மகளிரணியில் இருந்த விக்டோரியா கௌரி 2023 பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டில் பதவியேற்றார். பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்பதற்காக வழக்கறிஞர் ஜான் சத்யனின் ஃபைல் நின்றது. கொலீஜியம் இரண்டாவது தடவை வலியுறுத்தியும் நகரவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் நியமனம் மின்னல் வேகமாமே? (கனடா)

பதில்: தங்களுக்கு வேண்டியவர் என்றால். 2020-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்த எட்டே நாளில் டிரம்ப் ஆளை அறிவித்தார். 2016-ல் ஒபாமா அறிவித்தவரையோ செனட் விசாரணைக்கே எடுக்கவில்லை.

கேள்வி: கொலீஜியத்தில் குறையே இல்லையா? (ஜனக்புரி, டெல்லி)

பதில்: நிறைய. மூடிய அறை, தெரிந்த முகங்கள். ஆனால் அதற்கு மருந்து அரசிடம் சாவியைக் கொடுப்பதல்ல.

கேள்வி: உங்களைச் சட்ட அமைச்சராக்கினால்? (கோவை)

பதில்: உளவுத்துறை அறிக்கையிலேயே விழுந்துவிடுவேன். தப்பி வந்தால் ஒரே ஒரு விதி கொண்டுவருவேன்: ஒரு பெயர் வேண்டாம் என்றால் கெடுவுக்குள் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடு, போடாவிட்டால் நியமனம் ஆனதாகக் கணக்கு. வழக்கறிஞர் சௌரப் கிர்பாலின் பெயரை டெல்லி ஐகோர்ட் பரிந்துரைத்தது 2017-ல். தன்பால் ஈர்ப்பு உள்ளவர், துணைவர் சுவிட்சர்லாந்துக்காரர் என்று அரசு ஆட்சேபித்தது. அதை நிராகரித்து 2023 ஜனவரியில் கொலீஜியம் மறுபடி வலியுறுத்தியது. அந்த ஃபைலில் கையெழுத்து விழவில்லை.