பீளமேட்டு முனையத்தைப் பாராட்டி

கோவை விமான நிலையத்தின் பயணிகள் முனையத்தை மனம்விட்டுப் பாராட்ட வேண்டியவர்கள் திருப்பூர்க்காரர்கள்தான். கோவைக்காரர்களுக்கு அது பக்கத்து வீதி. நமக்கோ அவிநாசி, தெக்கலூர், கருமத்தம்பட்டி, கணியூர் சுங்கச்சாவடி, நீலாம்பூர் என்று 40 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சேரும் இடம். விடிகாலை விமானத்துக்காக நடுச்சாமத்தில் எழுந்து வந்தவருக்குத்தான் குளிரூட்டிய கூடத்தின் அருமை தெரியும்.

1940-இல் பீளமேட்டில் தொடங்கிய நிலையம் இது. சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி 2012-இல் கிடைத்தது. 2024 செப்டம்பரில் டிஜி யாத்ரா வந்தது. அடையாள அட்டையைத் தேடிப் பையைக் குடைய வேண்டாம். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். தோளில் சாம்பிள் பையோடு டெல்லிக்கோ மும்பைக்கோ பையரைப் பார்க்கப் போகும் மெர்ச்சண்டைசருக்கு அதில் மிச்சமாகும் பத்து நிமிடம் பெரிய உதவி. ஒரு பயணியின் முகத்தை இமைக்கும் நேரத்தில் கண்டுகொள்கிறது இந்த முனையம். அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார், அந்த ஊர் என்ன செய்கிறது, அதற்கு என்ன தேவை என்பதைக் கண்டுகொள்ள மட்டும் அவகாசம் எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியுமா?

முனையத்தின் மினுக்கை மெச்சுகிறவர்கள் அதன் ஓடுதளத்தின் அடக்கத்தையும் மெச்ச வேண்டும். நீளம் 2,990 மீட்டர். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கும் ஏர்பஸ் 320 போன்ற விமானங்களுக்கு இது தாராளம். ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருவதற்கும் போதும். நிறைய எரிபொருளும் நிறைய சரக்கும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கு நேராகப் பறக்கும் பெரிய ரக விமானங்களுக்குத்தான் அது எட்டாது. அதனால் அவை இங்கே வந்து தரையைத் தேய்ப்பதில்லை. ஓடுதளம் 3,800 மீட்டராக நீளும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பேச்சு நீண்ட அளவுக்குத் தளம் நீளவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த அடக்கத்தால் அண்டை ஊர்கள் வாழ்கின்றன. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலியர் பனியன் தேடி வந்ததில் தொடங்கிய வியாபாரம், 2024-25-இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாயாக வளர்ந்தது. இதில் கடல்வழிச் சரக்கு தூத்துக்குடிக்குப் போகும். அவசரச் சரக்குதான் வான்வழி. நூல் தாமதம், டையிங்கில் கலர் ஒத்துவராமல் திரும்பிய துணி, கடைசி நேரத்தில் பையர் மாற்றச் சொன்ன பிரிண்ட் என்று ஏதோ ஒன்றில் பத்து நாள் போய்விட்டால், கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பு என்பார் பையர்; அந்தச் செலவும் பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தான் விழும். ஒரு ஆர்டரின் லாபம் முழுவதையும் அது தின்றுவிடும். அப்படிப்பட்ட சரக்கைத் திருப்பூர் லாரியில் ஏற்றுகிறது. லாரி எங்கே போகிறது? பக்கத்தில் இருக்கும் பீளமேட்டைத் தாண்டி, வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியாக நெடும்பாசேரிக்கு. இல்லையென்றால் பெங்களூருக்கு. இல்லையென்றால் சென்னைக்கு.

நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையம் 1999-இல்தான் திறந்தது. அதாவது கோவையைவிட ஏறக்குறைய அறுபது வயது இளையது. அதன் ஓடுதளம் 3,400 மீட்டர். இளையவர் வளரட்டும் என்று மூத்தவர் ஒதுங்கி நின்று தன் ஊர்ச் சரக்கையும் அனுப்பிக் கொடுப்பது எத்தனை பெரிய மனசு! டீசல், ஓட்டுநர் கூலி, ஒரு நாள் தாமதம் ஆகியவற்றைத் திருப்பூர் கொடுக்கிறது. பெருந்தன்மையின் பெயரைப் பீளமேடு எடுத்துக்கொள்கிறது. இந்தப் பங்கீட்டில் நமக்கு மனவருத்தம் இல்லை.

இதற்கெல்லாம் மேலாகப் புகழ வேண்டியது அரசுகளின் நிதானம். விரிவாக்கத்துக்கு 627 ஏக்கர் வேண்டும் என்று 2010-இல் அரசாணை வந்தது. சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், காளப்பட்டி, நீலாம்பூர் கிராமங்களின் நிலங்கள். எடுக்கப்படும் என்று அறிவித்த நிலத்தை விற்க முடியாது. வாங்க ஆள் வராது. அதன்மேல் கடன் கிடைக்காது. வீட்டுக்கு ஒரு மாடி கட்டலாமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் குடும்பங்களில் அறிவிப்பு வந்தபோது பள்ளிக்குப் போன பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இழப்பீடு எவ்வளவு என்பதில் சில ஆண்டுகள் போயின. பிறகு 2021-இல் ஒன்றிய அரசு தனியாருக்குக் குத்தகை விட நினைத்த 25 விமான நிலையங்களின் பட்டியலில் கோவையும் இருந்தது. மக்கள் பணத்தில் வாங்கிய நிலம் தனியார் கைக்குப் போனால் மாநிலத்துக்கு என்ன பங்கு என்று தமிழக அரசு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். அதில் தவறு சொல்ல மாட்டேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவசரப்படாமல் இருந்ததும், கேட்டவர்கள் நினைவூட்ட அவசரப்படாமல் இருந்ததும்தான் மெச்சத்தக்கது. 2024 ஆகஸ்டில் பங்கு கேட்ட நிபந்தனை விலகி, நிலத்தை ஒப்படைக்க வழி பிறந்தது. 14 ஆண்டு! ஒரு டி-சர்ட்டுக்குத் துணி வெட்டுவதிலிருந்து பெட்டியில் அடைப்பது வரை மணிக்கணக்குப் பார்த்து வேலை வாங்கும் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நிதானம் வாழ்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

தூத்துக்குடி விமான நிலையம் இந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு, 2025 ஜூலையில் புது முனையத்தையும் திறந்துவிட்டது.

ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டு நம் எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும். அங்கே ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூடி, பளபளவென்று இருந்தன; அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. ஔவை ஒரு பொய்யும் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைத்தான் சொன்னார். நானும் கண்ணில் பட்டதையே சொல்கிறேன்: முனையம் பளபளக்கிறது. கதவு முகம் பார்த்துத் திறக்கிறது. ஓடுதளம் 2,990 மீட்டர்.

இந்தப் பாராட்டு இப்போது எதற்கு என்றால், காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே, ஆகஸ்டு 27-இல், அமெரிக்கா நம் சரக்கின்மேல் 50 சதவீத வரியைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்டி ஓட வேண்டிய தொழில் இது. ஓட்டத்தில் நம்மோடு இருப்பவர்கள் வங்கதேசமும் வியட்நாமும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்து ஓவர்லாக், பேட்லாக் தையல் இயந்திரங்களில் உட்கார்ந்திருக்கும் லட்சக்கணக்கானவர்களின் வாரச் சம்பளம் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்த முனையத்துக்குள் காலே வைத்ததில்லை. அவர்கள் தைத்தது மட்டும் ஒரு நாளாவது இங்கிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் பறக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

அப்படிப் பெரிய சரக்கு விமானம் நிறைசுமையோடு பீளமேட்டிலிருந்து கிளம்பும் நாளில் முனையத்தின் தரையெல்லாம் செருப்புத் தடமாக இருக்கட்டும், சுவர்ப் பூச்சு உரிந்து கிடக்கட்டும், வாசல் கதவு என் முகத்தை மறந்தே போகட்டும். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்று, அன்றும் இதேபோல் பாராட்டுவேன்.