ஊதினால்தான் ஓடும்

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? உங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குப் புது வண்டி வாங்கியிருப்பதாக அம்மா போனில் சொன்னாள். இங்கே என் ரூமில் இருக்கும் கும்பகோணத்துக்காரர் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு படும் பாட்டைக் கேட்டால், நீங்கள் அதை வகுப்பிலேயே பாடமாக நடத்துவீர்கள்.

ஒரு சனிக்கிழமை விருந்து முடிந்து காரை எடுத்தவரைப் போலீஸ் ஓரங்கட்டியது. நேர்க்கோட்டில் நடக்கவிட்டார்கள், ஊதச் சொன்னார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 சதவீதம் வந்தாலே குற்றம். இவருக்கு அதையும் தாண்டிவிட்டது. லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டு ஒரு ரோஸ் காகிதத்தைக் கையில் திணித்தார்கள். 30 நாளைக்கு அதுதான் லைசென்ஸ். எதிர்த்து ஏதாவது பேச வேண்டுமென்றால் 10 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். நம் ஆர்டிஓ மாதிரி இங்கே டி.எம்.வி. அது ஒரு பக்கம் தண்டிக்கும், கோர்ட் இன்னொரு பக்கம் தண்டிக்கும்.

நம் திருக்கழுக்குன்றத்தில் லைசென்ஸ் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் செங்கல்பட்டுக்கும் பஸ் உண்டு, மாமல்லபுரத்துக்கும் பஸ் உண்டு. அதற்குள் ஷேர் ஆட்டோக்காரர் நம் பையை வாங்கி உள்ளே வைத்திருப்பார். இங்கே பால் வாங்கக்கூடக் கார் வேண்டும். வண்டியைப் பிடுங்கினால் வேலையும் போகும், அபராதம் கட்ட ஆள் இருக்காது என்பது சர்க்காருக்கும் தெரியும். அதனால் முதல் தடவை மாட்டுகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டு லைசென்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அதில் இரண்டு வழி. ஒன்று, 30 நாள் ஸ்டியரிங்கையே தொடாமல் இருந்துவிட்டு, அப்புறம் வேலைக்கும் குடி பற்றிய வகுப்புக்கும் மட்டும் ஓட்டிக்கொள்வது. மளிகைக் கடை அந்தக் கணக்கில் வராது, கோவிலும் வராது. லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலுக்குக் காரில் போய் மாட்டினால், அந்தச் சிவனும் விஷ்ணுவும் சேர்ந்து வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. இன்னொன்று, 2019 ஜனவரியில் வந்த ஏற்பாடு. காரில் ஊதுகிற கருவியை மாட்டிக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நம் ஆள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

காலையில் இவர் ஆபீஸ் கிளம்புவதைப் பார்க்க வேண்டும், மாமா! வாய் கொப்பளிக்கும் மருந்திலும் ஆல்கஹால் இருக்குமாம். அதனால் வெறும் தண்ணீர்தான். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, குழாயைக் கவ்விக்கொண்டு, கன்னம் உப்ப ஊதுவார். மெஷின் சம்மதித்தால்தான் இன்ஜின் உயிர் பெறும். நடுரோட்டில் திடீரென்று கீ கீ என்று கத்தும். மறுபடி ஊத வேண்டும். நம் ஊர் சங்குதீர்த்தக் குளத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் சங்கு பிறக்கும் என்பார்கள், இவரோ தினமும் ஊதுகிறார். ஆயுத பூஜை அன்று காருக்கு வைத்த சந்தனம் குங்குமத்தில் இந்தக் கருவிக்கும் ஒரு பொட்டு வைத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உள்ளே ஏறியவரை அது உடனே ஊதச் சொன்னது.

செலவு தனி. மெஷினுக்கு வாடகை, 60 நாளுக்கு ஒருமுறை செக்கிங், குறைந்தது மூன்று மாத வகுப்பு, எஸ்.ஆர்.-22 என்ற இன்ஷூரன்ஸ் சான்றால் மூன்று வருஷத்துக்கு எகிறிப்போன பிரீமியம். அன்றைக்கு ஒரு டாக்சி பிடித்திருந்தால் வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருப்பான்.

பணத்தைவிடப் பெரிய அடி விசா. தீர்ப்புக்குக் காத்திராமல், பிடிபட்டதற்கே பாஸ்போர்ட்டில் குத்திய விசாவை ரத்து செய்ய முடியும். இங்கே வேலை பார்க்கலாம். ஆனால் ஊருக்கு வந்தால் டாக்டர் பரிசோதனை, புது விசா என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். தங்கை கல்யாணத்தை மனுஷன் போனில்தான் பார்த்தார். தாலி கட்டும் நேரத்தில் நெட் வேறு நின்றுவிட்டது.

தை மாதம் நான் வரும்போது இரண்டு நண்பர்களும் கூட வருகிறார்கள். மாமல்லபுரத்தில் மீன் வறுவலும் பீரும் என்று இப்போதே திட்டம் போடுகிறார்கள். "எங்களுக்கு லிமிட் தெரியும்" என்று பெருமை வேறு. அவர்களுக்குத் தெரிந்தது இந்த ஊர் லிமிட். 100 மில்லி ரத்தத்தில் இங்கே 80 மில்லிகிராம் என்றால், நம் 185-வது பிரிவில் 30தான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். கலிபோர்னியாவில் பாஸ் ஆனவன் ஈசிஆரில் பெயில்.

அதனால் அவர்கள் இறங்கியதும் கார் சாவியை உங்களிடம் கொடுத்துவிடுவேன். கடற்கரையிலிருந்து மலைக்கோவில் வரை நீங்கள்தான் டிரைவர். நைட் பேட்டாவை மட்டும் கூச்சப்படாமல் டாலரில் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்