பாஸ்போர்ட் பெரியப்பா

திருக்கழுக்குன்றத்தில் தாழக்கோயிலைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு பாஸ்போர்ட் பெரியப்பா அகப்படுவார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். டிக்கெட் போடுவது மகன். பணம் கட்டுவது மகள். டூரை நடத்துவது மட்டும் பெரியப்பா. குடும்பத்தில் அத்தனை பேர் பாஸ்போர்ட்டும் ஒரே மஞ்சள் பைக்குள் இருக்கும். அந்தப் பை அவர் சட்டைக்குள் இருக்கும். இமிக்ரேஷனில் பாஸ்போர்ட் கேட்டால் அவர் முதலில் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். கவுன்ட்டரில் இருப்பவர் பதறிப்போவார்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம் என்று மலேசியா கதவைத் திறந்துவிட்டது. அதிலிருந்து இந்த வகையறா பெருகிவிட்டது.

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ரயிலேற செங்கல்பட்டு ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும். பெரியப்பாவின் ரயில் ஞானம் மொத்தமும் அங்கே கற்றது: வண்டி நிற்பதற்குள் ஓடு, ஜன்னல் வழியாகத் துண்டைப் போடு, பிறகு குடும்பத்தை ஏற்று. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் பத்துமலை போகும் கொம்யூட்டர் வண்டி வந்ததும் அதே வேகத்தில் துண்டோடு ஓடுகிறார். ஏசி வண்டி, ஜன்னல் திறக்காது. வீசிய துண்டு கண்ணாடியில் பட்டு அவர் தோளிலேயே விழுகிறது. யாரோ மரியாதை செய்ததுபோல அதைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறார்.

தனக்கு மலாய் தெரியாது என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில்தானே எழுதியிருக்கிறது, எழுத்துக்கூட்டினால் தீர்ந்தது என்பது அவர் கொள்கை. வெளியே போகும் வழிக்கு மேலே ‘கெலுவார்’ என்று போட்டிருக்கும். “டிக்கெட் கேளுவார்னு போட்டிருக்கான், எல்லாரும் கையில எடுத்து வெச்சுக்குங்க” என்று உத்தரவு போடுகிறார். வெளிவாசலில் டிக்கெட் இல்லாமல் கேட் திறக்காது என்பதால் அவர் வாக்கு பலித்துவிடுகிறது. இப்படி எப்போதாவது ஒன்று பலிப்பதால்தான் தலைமைப் பதவி இன்னும் கையில் இருக்கிறது.

பெரியம்மாவின் சங்கடம் வேறு. காப்பிக் கடைப் பையன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சூசூ?” என்று கேட்கிறான். அந்த ஊரில் பாலுக்கு அதுதான் பேர். பெரியம்மா முகம் சிவந்து, “இதெல்லாம் ஒரு கேள்வியா? ரூம்லயே போயிட்டுத்தான்பா வந்தோம்” என்கிறார். அன்று அவருக்குக் கிடைத்தது கடுங்காப்பி.

அந்தக் கொம்யூட்டர் பெட்டிக்குள் நடந்ததுதான் உச்சம். இந்த வண்டிகளில் நடுப்பெட்டிகளைப் பெண்களுக்கென்று 2010-லேயே ஒதுக்கிவிட்டார்கள். ரோஸ் நிறத்தில் ‘கோச் வனிதா’ என்று பெரிதாக ஒட்டியிருக்கும். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

“யாருடா இந்த வனிதா? ஒருத்தி பேருக்கு முழுப் பெட்டியையே ரிசர்வ் பண்ணியிருக்கான்! மந்திரி பொண்ணா இருக்கும். வர்றப்போ பாத்துக்கலாம், உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள். எதிரே மலாய்க்காரப் பெண்கள் போடுகிற நீள அங்கியில் ஒரு அம்மா, பக்கத்துச் சீட்டில் பெரிய பை. இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் பெரியப்பா குரலை இறக்கவே இல்லை. “பாரு, பைக்கு ஒரு சீட்டு. இந்தம்மாதான் வனிதாவோ என்னமோ.”

அந்த அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “வனிதான்னா பொம்பளைங்க, ஐயா. இது பொம்பளைங்க பெட்டி. ஆம்பளைங்க அடுத்த பெட்டிக்குப் போவணும். எம் பேரு சரஸ்வதி.”

அதற்குப் பிறகு பத்துமலை வரும்வரை பெரியப்பா அடுத்த பெட்டியில் நின்றுகொண்டே வந்தார். பாஸ்போர்ட் பையும் கூடவே நின்றது.

இறங்கியதும் தெம்பு திரும்பிவிட்டது. 140 அடி உயர முருகனை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குகைக் கோயிலுக்கு 272 படி என்றதும், “இவ்வளவுதானா? நம்ம வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூத்துச் சொச்சம்” என்றார். நம்ம மலையில் அவர் கடைசியாக ஏறியது, அங்கே கழுகு இன்னும் வந்துகொண்டிருந்த பழைய காலத்தில்.

பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெளியூர் போன இடத்தில் அசட்டுத்தனம் செய்வது புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் எங்கள் ஊர் ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயரை வெட்டிவைத்துவிட்டே போனார்கள். பெரியப்பா எங்கேயும் பெயர் வெட்டவில்லை, பேசியதோடு சரி. அதோடு, இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் கூச்சத்தில் செல்போன் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது, வழியில் போகிறவரை நிறுத்தி, கையாலும் காலாலும் பேசி, குடும்பத்தைச் சரியான பிளாட்பாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் பாதிக் குடும்பங்கள் மாமல்லபுரத்தைத் தாண்டியிருக்காது.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மலேசியாவில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எதிர்சீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் ரூமுக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள்.