‘ஆம்’ எனில் பகுதி 4-க்குச் செல்லவும்

எங்கள் அபார்ட்மென்ட்டில் பொங்கல் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு எடுக்க, முன்பெல்லாம் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவார்கள். வீட்டு எண்ணுக்கு நேரே எத்தனை பேர் என்று எழுதிவிட்டுப் போவோம். கட்டித் தொங்கவிட்ட பேனாவை யாராவது கயிற்றோடு கொண்டுபோய்விடுவார்கள் என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டில் குறை எதுவும் இல்லை. ஃபார்ம் சார் அசோசியேஷன் செகரட்டரி ஆனார். தாள் போயிற்று, வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது.

ஃபார்ம் சார் என்பது தனி ஆள் அல்ல, ஓர் இனம். ஆபீஸ் எச்.ஆரில் ஒருவர் இருப்பார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஒருவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா உருவில் வருவார்: “முதல் நாளே வந்து தங்குவீர்களா?” என்பார். ஆம் என்றால் “கட்டிலா, பாயா?” பாய் என்றால் “முழங்கால் வலி உண்டா?” உண்டு என்று தொட்டால் சத்தமில்லாமல் கட்டில் பகுதிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 2020 ஊரடங்கின்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கத்தான் கூகுள் ஃபார்ம் கற்றுக்கொண்டார். பெயர், வகுப்பு, ஐந்து கேள்வி, சப்மிட். அதோடு நின்றிருந்தால் நாங்கள் இன்றைக்கும் நிம்மதியாகப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் கேள்வியின் கீழ் ஓரத்திலிருந்த மூன்று புள்ளியில் அவர் கை பட்டுவிட்டது. பதிலைப் பொறுத்து வெவ்வேறு பகுதிக்கு ஆளை அனுப்பும் வசதி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ‘ஆம்’ என்பவர் ஒரு வழி, ‘இல்லை’ என்பவர் இன்னொரு வழி. அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை என்று மாமி சொல்லிக் கேள்வி.

முதல் பொங்கல் ஃபார்ம் இப்படிப் போயிற்று. சைவமா, அசைவமா? சைவம். வெங்காயம், பூண்டு சேர்ப்பீர்களா? சேர்ப்பேன், அமாவாசை தவிர. அப்படியானால் விழா நடக்கும் நாள் அமாவாசையா? ஆம், இல்லை, பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன். விழா தேதியை முடிவு செய்ததே அவர்தான். அதை எங்களிடம் கேட்கிறார்!

பி பிளாக்கில் கணவர் சைவம், மனைவி அசைவம். இரண்டையும் தொட வழியில்லையே என்று அவர்கள் கேட்கப் போனார்கள். சார் அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, விளக்கினார்:

“ஒரே பதில் தேர்ந்தெடுக்கிற கேள்வியிலதான் கிளை போகும் சார். இல்லேன்னா டிராப்டவுன்ல போகும். செக்பாக்ஸ்ல போகாது.”

“அதுக்கு நாங்க என்ன பண்றது?”

“வீட்டுல ஒரு முடிவுக்கு வாங்க.”

அவர் சொன்ன விதி சரிதான். கூகுள் ஃபார்மில் பல பதில்களுக்கு டிக் போடுகிற கேள்வியிலிருந்து கிளை பிரிக்க முடியாது. ஆனால், இருபது வருஷமாக ஒரே அடுப்பில் ஒத்துப்போன தம்பதியை ஒரு மென்பொருளின் வசதிக்காகப் பிரிக்கப் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கிளைக் கேள்வி ஒன்றும் கம்ப்யூட்டர்காரர்கள் கொண்டுவந்த புதுமை அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வுக்கு முன்பெல்லாம் காகிதத்தோடு வந்தவர்களின் கேள்வித்தாளில், எந்தப் பதிலுக்கு எந்தக் கேள்வியைத் தாண்டிப் போக வேண்டும் என்று வலது ஓரத்தில் அம்புக்குறியோடு அச்சடித்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குடும்பப் பட்டியலில் 29 கேள்விகள்; பெற்ற குழந்தைகள் எத்தனை என்பது அவற்றில் மணமான, அல்லது ஒரு காலத்தில் மணமாகியிருந்த பெண்களுக்கு மட்டும். மற்றவர்களிடம் அந்தக் கேள்வி போகவே போகாது. தாண்டிப் போகத்தான் கிளை. உங்களுக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்டு உங்கள் நேரத்தையும், சமயத்தில் மனசையும், கெடுக்காமல் இருப்பதற்கு. நன்றாகச் செய்த ஃபார்மில் கல்யாணமாகாத பையன் “துணைவரின் கைபேசி எண்” என்பதைப் பார்க்கவே மாட்டான். கணவரை இழந்த அம்மாளும்தான். நமது சாருடைய ஃபார்மில் அந்தக் கேள்வி எல்லாருக்கும் உண்டு, சிவப்பு நட்சத்திரத்தோடு. நிரப்பாமல் நகர முடியாது. சி பிளாக் பாட்டி தன் நம்பரையே இரண்டு தரம் போட்டுவிட்டு மேலே போனார்.

இங்கேதான் ஃபார்ம் சார் இனத்துக்கே ஒரு சுழி. குறைத்துக் கேட்பதற்காக வந்த வசதியை, கூட்டிக் கேட்க எடுத்துக்கொள்வார்கள். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால், ஏன் இல்லை, எப்போதிலிருந்து இல்லை, முன்பு இருந்ததா என்று புதிதாக ஒரு பகுதி திறக்கும். பதில் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது அவர்கள் கவலை இல்லை. கேள்வி பிரிந்து பிரிந்து போகிற அழகு ஒன்றே போதும்.

தண்ணீர்ப் புகார் ஃபார்ம் அவருடைய தலைசிறந்த படைப்பு. குழாயில் தண்ணீர் வருகிறதா? இல்லை. மோட்டார் ஓடுகிறதா? தெரியாது. கீழே போய்ப் பார்த்துவிட்டு முதல் பகுதிக்குத் திரும்பவும். முந்தைய பகுதிக்கு ஆளைத் திருப்பி அனுப்பவும் கூகுள் ஃபார்மில் இடமுண்டு; சுற்றிச் சுற்றி வருகிறாரே என்று அது யாரையும் தடுப்பதில்லை. மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு அந்த வட்டத்தில் காலை முழுக்கச் சுற்றினார். கடைசியில் ‘வருகிறது’ என்று பொய் சொல்லித்தான் வெளியே வர முடிந்தது. அந்த மாதக் கூட்டத்தில் சார் எழுந்து நின்று, தண்ணீர்ப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சமையல்காரர் போன் பண்ணினார். “சார், எத்தனை இலை?”

சார் ஷீட்டைத் திறந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி என்று, வலப்பக்கம் தள்ளத் தள்ள ஷீட் முடிவேனா என்றது. ஒரு கிளைக்குள் போனவர் மற்றக் கிளைகளில் பதில் சொல்ல முடியாதல்லவா? முக்கால்வாசிக் கட்டம் வெறுமை. பூண்டு சேர்க்காதவர்கள் யார், மோருக்கு எதிர்ப்புத் தெரிவித்தவர் யார், எல்லாம் இருந்தது. எத்தனை பேர் என்ற கேள்வி அசைவக் கிளையில் மட்டும் இருந்தது. சாப்பாடோ சைவம்.

விஷயம் வாட்ச்மேன் அண்ணனிடம் போயிற்று. அவர் ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். குடும்ப வீட்டில், “எத்தனை பேருக்கா?” பேச்சிலர் பையன்கள் இருக்கும் வீட்டில் ஆள் கணக்கே கேட்கவில்லை, “தம்பி, ஊருக்கு டிக்கெட் கிடைச்சிருச்சா?” கிடைத்துவிட்டது என்றார்கள், ஒரு கோடு போட்டார். பாட்டி வீட்டில், “உங்களுக்கு மேலயே குடுத்து விடட்டுமாம்மா?” பூட்டியிருந்த வீட்டுக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்பது அவருக்கே தெரியும். அரைமணி நேரத்தில் இறங்கி வந்து எண்ணைச் சொன்னார். ஒரு இலை கூடவில்லை, குறையவில்லை.

இதைப் பார்த்தாவது சார் அடங்குவார் என்று நினைத்தோம். அவரோ வாட்ச்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த வீட்டில் என்ன கேட்டாய் என்று விசாரித்து, வீட்டுக்கு ஒரு கிளை வரைய ஆரம்பித்துவிட்டார். போதாக்குறைக்கு, ஐடியில் வேலை பார்க்கும் மருமகன் டைப்ஃபார்ம் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் திரையில் தெரியும் என்று சொல்லிவைத்தான்.

சாரின் முகம் மலர்ந்தது. “அப்போ இன்னும் எத்தனை பாக்கின்னு யாருக்கும் தெரியாதா?”

போன வாரம் புதிய லிங்க் வந்தது. தலைப்பு: ‘அசோசியேஷன் படிவங்கள் பற்றி உங்கள் கருத்து’. முதல் கேள்வி, படிவங்கள் திருப்தியாக உள்ளனவா? ‘இல்லை’ என்றால் என்ன நடக்கும் என்பது குழாயடியில் நின்ற பெரியவருக்குத் தெரியும், அவர் வழியாக எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே, சொல்லிவைத்தாற்போல் மொத்த அபார்ட்மென்ட்டும் ‘ஆம்’ என்று தொட்டது. அடுத்த பகுதி திறந்தது.

“மிக்க மகிழ்ச்சி! படிவத் தயாரிப்புக் குழுவில் சேர விரும்புகிறீர்களா?” கீழே இரண்டு சாய்ஸ்: ‘ஆம்’; ‘ஆம், மாலை நேரத்தில் மட்டும்’.