அறுபதாம் ஆண்டுக்கு அறுபது குறுந்தகடு

கிரேட்ஃபுல் டெட் ராக் குழு 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. 1995இல் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா காலமானதும் கலைந்தது. கலைந்த குழுவுக்கு ஆண்டுவிழா கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசிப்பது குழுவின் வழக்கமாக இருந்ததில்லை. அதனால் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கு 1984 முதல் அரங்கில் தனி இடமே ஒதுக்கப்பட்டது. எனவே குழுவின் காப்பகத்திலிருந்து இப்போது குறுந்தகடாக வெளிவரும் கச்சேரி பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அதில் பக்கத்து இருக்கைக்காரரின் இருமலும் இருக்கும். இருமல் இல்லாத பிரதிக்குத்தான் விலை.

2011இல் ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகள் 73 குறுந்தகடுகளாகப் பயணப்பெட்டி வடிவில் வந்தன. 2015இல் பொன்விழாவுக்கு 80. கண் மூடாமல் கேட்டாலும் மூன்று நாளுக்கு மேல் ஆகும். அறுபதாம் ஆண்டான 2025க்கு 60. ரசிகர்களின் வயதைக் கருதிக் குறைத்திருக்கலாம்.

எஞ்சிய உறுப்பினர்கள் நடத்திய பொன்விழாக் கச்சேரிக்கு அஞ்சலில் டிக்கெட் கேட்டவர்கள் உறை முழுக்கக் குழுவின் அடையாளமான மண்டையோடும் ரோஜாவும் வரைந்து அனுப்பினர். ஓவியம் நன்றாக இருந்தும் பலருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

புதிய குறுந்தகட்டுத் தொகுப்பின் அறிவிப்பு வந்ததும் ரசிகர் செய்யும் முதல் வேலை, தமக்குப் பிடித்த கச்சேரி விடுபட்டதற்காகக் குறைப்படுவது. இரண்டாவது, பணம் கட்டுவது.