எழுபது வளைவுகளுக்கு முன்னால்

கேள்வி: சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்வோர் காண்பதற்கு அவ்வட்டாரத்தில் பழைய கட்டடங்கள் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதில் காட்டப்படும் கவனம், அவற்றுக்கு முன்னால் நிற்கும் வரலாற்றின்மீது காட்டப்படுவதில்லை. அண்மையிலுள்ள நாமக்கல் பாறையின் உச்சியில் நிற்கும் கோட்டையைக் கட்டியவர், சேந்தமங்கலம் பகுதியை ஆண்ட பாளையக்காரரான, அதாவது நாயக்க அரசுக்கு உட்பட்டுப் படையும் வரியும் திரட்டிய குறுநிலத் தலைவரான, இராமச்சந்திர நாயக்கர் என்று கருதப்படுகிறது. 1768இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அக்கோட்டையை அதே ஆண்டின் இறுதியில் ஹைதர் அலி மீட்டுக்கொண்டார் என்பதால், அதைப் பிடிப்பதைவிட வைத்துக்கொள்வதே கடினமாக இருந்தது எனலாம். அதே பாறையின் இருபுறமும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் அதியர் மரபினர் காலத்துக் குடைவரைகள், அதாவது கல்லை அடுக்கிக் கட்டாமல் பாறையையே உள்நோக்கிக் குடைந்து தூணும் சிற்பமும் எஞ்சுமாறு செதுக்கிய கோயில்கள், அமைந்துள்ளன. ஒரு தூண் பிழைபட்டால் வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்த இயலாத அப்பணியில், சிற்பிக்கு அழித்து எழுதும் வசதி இல்லை. பார்வையாளருக்கோ சுவரில் பெயர் எழுதும் உரிமை இல்லை. கல்வெட்டுக்கு உரியவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டனர். வந்தவர்கள் படித்தால் போதும்.