முதலாண்டு விடுதித் தேர்வியல்: ஓர் அறிமுகம்

1. வரையறையும் எல்லையும்

பிளஸ் டூ முடித்த ஒருவர் ஒரு பெட்டி, ஒரு பக்கெட், ஒரு பாட்டில் ஊறுகாய் ஆகியவற்றுடன் வீட்டிலிருந்து பெயர்ந்து, முன்பின் அறியாத இருவருடனோ மூவருடனோ ஒரே மின்விசிறியின் கீழ் ஓராண்டு வாழ ஒப்புக்கொள்ளும் கட்டடம் முதலாண்டு விடுதி எனப்படும். அதனுள் தமக்குரிய இடத்தைத் தெரிவு செய்யும் நெறிகளை ஆராய்வது விடுதித் தேர்வியல்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க 200 மதிப்பெண்ணுக்குக் கட்-ஆஃப் உண்டு. தரவரிசைப் பட்டியல் உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு உண்டு. அங்கே போய்ப் படுக்க வேண்டிய கட்டிலைத் தேர்ந்தெடுக்க இவற்றுள் ஒன்றும் இல்லை. வகுப்பறையில் விழித்திருக்கும் நேரத்தைவிடக் கட்டிலில் கிடக்கும் நேரமே மாணவருக்கு மிகுதி என்பதை நோக்க, இத்துறை இதுகாறும் கவனிப்பாரற்றுக் கிடந்தது வியப்புக்குரியது.

2. விடுதியின் வகைகள்

விடுதி நால்வகைப்படும்: அரசு விடுதி, வளாக விடுதி, தனியார் விடுதி, உறவினர் வீடு.

ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை முதலியவை நடத்தும் விடுதிகள் முதல் வகை. 2025இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. இங்கே இருப்பிடமும் உணவும் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று முதலியவற்றைப் பார்த்து இடம் தரப்படும். ஆகவே இவ்வகையில் தேர்ந்தெடுப்பது விடுதி, தேர்ந்தெடுக்கப்படுவது மாணவர்.

வளாக விடுதி கல்லூரிச் சுற்றுச்சுவருக்குள் இருப்பது. இதற்குப் பெயரிடும் மரபுகள் பல. சென்னை ஐ.ஐ.டி. விடுதிகள் காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி என ஆறுகளின் பெயரைக் கொண்டவை. திருச்சி என்.ஐ.டி. விடுதிகள் அகேட், கோரல், ஜேட், டயமண்ட் என மணிகளின் பெயரைக் கொண்டவை. 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்பவை வழங்குகின்றன. பெயரைக் கொண்டு வசதியை அளத்தல் ஆய்வு நெறியன்று. ஆற்றின் பெயருக்கும் குழாயில் வரும் தண்ணீருக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. எனினும், மகனுக்கு டயமண்டில் இடம் கிடைத்தது என்று ஒரு தந்தை ஊரில் சொல்லும்போது கிடைக்கும் மதிப்பை ஆய்வாளர் குறைத்து எடை போடலாகாது.

தனியார் விடுதியைக் கல்லூரி வாயிலுக்கு எதிரே உள்ள பலகைகளால் அறியலாம். 'வீட்டுச் சாப்பாடு' என்று பலகை சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. பெண்கள் விடுதியாயின் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லலாம். மாதக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளேனும் தங்குவோருக்கு 2024 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதால், ரசீதில் அவ்வரி இருப்பின் காரணமும் கேட்கலாம். இவ்விரண்டையும் கேட்கும் தந்தைக்கு அறை காலியில்லை என்ற பதில் வருமாயின், அதுவே அவ்விடுதியைப் பற்றிய போதுமான தகவல்.

உறவினர் வீடு கட்டணமில்லா விடுதி என்று பிழையாகக் கருதப்படுகிறது. சித்தப்பா வீட்டில் தங்குபவர் எட்டாம் வகுப்புத் தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருதல், சிலிண்டர் வரும்வரை காத்திருத்தல், பொதுத்தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒப்பித்தல் ஆகிய வடிவங்களில் கட்டணம் செலுத்துகிறார். ரசீது வழங்கப்படுவதில்லை.

3. தேர்வாளர்கள்

விடுதியைப் பார்க்கக் குடும்பம் ஒன்றாக வந்தாலும் ஒவ்வொருவரும் பார்ப்பது வேறு. தந்தை சுற்றுச்சுவரின் உயரத்தையும், பேருந்து நிறுத்தம் எத்தனை தூரம் என்பதையும் பார்ப்பார். தாய் குளியலறையைத் திறந்து பார்த்து, வாட்ச்மேனிடம் சொந்த ஊர் விசாரித்து, சமையல்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். மூவருள் நம்பத்தக்க தரவு இவரிடமே சேரும். மாணவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் எத்தனை கோடு என்று பார்ப்பார். உடன் வராமலே கருத்துச் சொல்பவர் அதே கல்லூரியில் படித்த பெரியப்பா மகன். அவர் படித்த காலத்தில் இருந்த கட்டடம் இடிக்கப்பட்டிருக்கலாம்.

இவர்களுக்குக் காட்டப்படுவது மாதிரி அறை. புது மெத்தை, திரைச்சீலை, தூசில்லாத விசிறி ஆகியவை அதன் இலக்கணம். அந்த அறையில் எவரும் தங்கியதாகச் சான்றில்லை.

இவ்வளவுக்கும் பின், வார்டன் துறைவாரியாகவோ பதிவெண் வரிசையிலோ அச்சிட்ட பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் முதலாண்டு மாணவரைக் கூடியவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்வதால், கட்டடமும் முன்பே முடிவாகிவிட்டது. குடும்பம் கண்டறிந்த உண்மைகள் அனைத்தும் திரும்பும் பயணத்தில் பேசுவதற்குப் பயன்படுகின்றன.

4. தளம்

தளத்தை மாற்றிக்கொள்ளச் சில கல்லூரிகளில் வாய்ப்புண்டு என்பதால் அதன் இயற்பியலை அறிதல் வேண்டும்.

மேல்தளத்தில் கான்கிரீட் கூரை பகல் முழுதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, மாணவர் படுக்கப்போகும் முன்னிரவில் அறைக்குள் இறக்கும். விடுதியில் வாங்கிய கடனைத் தவறாமல் திருப்பித் தருவது இது ஒன்றே. தண்ணீரிலும் மேல்தளத்துக்குக் குறையுண்டு. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். தொட்டிக்கு அருகில் இருக்கும் தளத்துக்கு அந்த உயரம் கிடைப்பதில்லை. கீழே இருப்பவர்கள் ஒருசேரக் குழாயைத் திறக்கும் காலை ஏழு மணிக்கு மேலே நூல்போல் வரும். நன்மை ஒன்றுண்டு: வார்டனுக்கு முழங்கால் வலி இருப்பின், அட்டெண்டன்ஸ் இங்கே கடைசியாக எடுக்கப்படும்.

தரைத்தளத்தில் தண்ணீர் பாயும்; கொசுவும் பாயும். தேங்கிய நன்னீரில் பிறந்து பகலில் கடிக்கும் ஏடிஸும், சாக்கடையில் பிறந்து இரவில் கடிக்கும் கியூலெக்ஸும் ஷிப்ட் முறையில் பணியாற்றும் தளம் இது. மேலும், எந்தத் தளத்துக்கு வந்த கூரியராயினும் தரைத்தளத்தாரே கையெழுத்திட நேரும்.

நடுத்தளமே தக்கது என்பது அறிஞர் துணிபு. எல்லாரும் அதையே கேட்பதால் அது கிடைப்பதில்லை.

5. கட்டில்

அறைக்குள் உண்மையான தேர்வு தொடங்குகிறது. கட்டிலின் மதிப்பைப் பிளக் பாயின்ட், விசிறி, ஜன்னல், கதவு என்னும் நான்கும் தீர்மானிக்கும்.

பிளக் பாயின்ட் முதன்மையானது. மூன்று கட்டிலுக்கு இரண்டு பிளக் பாயின்ட் உள்ள அறையில் மூன்றாமவர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுடன் வருவார். இரண்டு நாளில் அறையே அவரை நம்பி வாழும், அதிகாரம் கைமாறும்.

விசிறிக்கு நேர் கீழே படுப்பதே நலம் என்பது பரவலான பிழை. நடுத்தண்டுக்கு நேர் கீழே காற்று மெலிது. இறக்கைகளின் நடுப்பகுதிக்குக் கீழேதான் வேகம் மிகுதி. ஆகவே தலையைச் சற்றே விலக்கிப் போடுதல் வேண்டும். ரெகுலேட்டர் ஒன்றே என்பதால் ஐந்தில் வைப்பவருக்கும் மூன்றில் வைப்பவருக்கும் இடையே ஓராண்டு நீளும் வழக்கு எழும்.

ஜன்னலோரக் கட்டிலுக்குக் காற்று, வெளிச்சம், மழைச்சாரல் மூன்றும் உரியவை. கதவோரக் கட்டிலுக்கு உரியவர், யார் தட்டினாலும் எழுந்து திறக்கும் பதவியை ஊதியமின்றி வகிக்கிறார். இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டை விரும்புவோர், பகலில் அது பொதுச்சொத்து என்பதை அறியார். அறைக்கு வருபவர் அனைவரும் அமர்ந்து மிக்சர் தின்பது அதன்மேல்தான். மேல்தட்டில் ஏறுதல் துன்பம். ஏறியபின் தனிமை உண்டு.

6. அறைத்தோழர்

நன்னூல், பாடம் கேட்கும் திறம் நோக்கி மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றோடு பொருத்திக் காட்டுகிறது. விடுதிக்கு அப்பாகுபாடு உதவாது. இங்கே உறங்கும் திறமே அளவுகோல். அவ்வகையில் அறைத்தோழர் நால்வர்: விளக்கை அணைத்தால்தான் உறங்குபவர், விளக்கெரிய உறங்கிவிட்டு, அணைத்தால் விழிப்பவர், போர்வைக்குள் நள்ளிரவுவரை போனில் கிசுகிசுப்பவர், காலை நான்கு மணிக்கு அலாரம் வைப்பவர். கடைசி வகையினர் அலாரத்துக்கு எழுவதில்லை. மற்றவர்கள் எழுவார்கள்.

எண்ணிக்கையும் கருதத்தக்கது. இருவர் அறையில் சண்டை வந்தால் சமாதானம் பேச ஆளில்லை. நால்வர் அறையில் இரண்டு கட்சி தோன்றிச் சமநிலை உண்டாகும். மூவர் அறையில் எவரேனும் இருவர் சேர்ந்து மூன்றாமவரை ஒதுக்குவர். ஆனால் அந்த மூன்றாமவர் யார் என்பது வாரந்தோறும் மாறுவதால் நீதி நிலைக்கும்.

7. மெஸ்

சேர்க்கை நாளன்று பெற்றோரும் உண்பதால் அன்றைய சாம்பாரில் முருங்கைக்காய் தெரியும். அதைக் கொண்டு முடிவெடுத்தல் கூடாது. மெஸ்ஸைச் சோதிக்க ஏற்ற பொழுது, மாதக் கடைசியில் வரும் ஒரு புதன்கிழமை இரவு.

பல கல்லூரிகளில் மெஸ் கட்டணம் டிவைடிங் முறையில் கணக்கிடப்படும். ஒரு மாதச் செலவு 9,00,000 ரூபாய், 250 பேர் 30 நாள் உண்டனர் என்று கொள்க. 7,500 ஆள்-நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 120 ரூபாய். அடுத்த மாதம் பலர் ஊருக்குப் போய் ரிடக்‌ஷன் வாங்க, ஆள்-நாள் 6,000 ஆகக் குறைகிறது. அரிசியும் காய்கறியும் குறைந்தாலும் சமையல்காரர் சம்பளம் குறையாது. செலவு 7,80,000 ரூபாயில் நிற்குமானால் நாளொன்றுக்கு 130 ரூபாய். அதாவது, ஊருக்குப் போனவர் வீட்டில் மீன்குழம்பு உண்ண, விடுதியில் இருந்தவர் அதே உப்புமாவுக்குக் கூடுதலாகக் கட்டுகிறார்.

8. விதிகளும் சட்டமும்

கெட்டில், இண்டக்‌ஷன் ஸ்டவ், அயர்ன் பாக்ஸ் ஆகியவை பல விடுதிகளில் தடை செய்யப்பட்டவை. மூன்றாம் அறையில் மேகி கொதிக்கும் வாசனை இவ்விதியின் இருப்பை அனைவருக்கும் நினைவூட்டுகிறது. பல கல்லூரிகளில் பெண்கள் விடுதியின் வாயில் பொழுது சாய்ந்ததும் அடைபடும். ஆண்கள் விடுதியின் வாயில் அதன் பின்னும் சில மணி நேரம் திறந்திருக்கும். இரவு எட்டு மணிக்கு ஜெராக்ஸ் எடுக்கும் தேவை ஆண்களுக்கு மட்டுமே எழும் என்பது இதன் தத்துவ அடிப்படை.

நகைப்புக்கு இடமில்லாத விதி ஒன்றுண்டு. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதன்படி விதிக்கலாம். தேசிய உதவி எண் 1800-180-5522. விடுதியைப் பார்க்கும்போது இந்த எண் சுவரில் ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தல், சாம்பாரைச் சுவைப்பதைவிடப் பயனுள்ள சோதனை.

9. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: விடுதியின் வகையைக் குடும்ப வருமானமும், கட்டடத்தை விதியும், அறையையும் தோழரையும் பட்டியலும் தீர்மானிக்கின்றன. மாணவரின் தேர்வுக்கு எஞ்சுவது கட்டில் ஒன்றே. அதுவும் அறிவால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. முதலில் வந்து பெட்ஷீட்டை விரித்தவருக்கே உரியது என்பது எங்கும் செல்லும் வழக்கு. இதற்கு மேல்முறையீடு கிடையாது. ஓராண்டு முடிந்து இரண்டாமாண்டு விடுதிக்கு மாறும்போது இந்த ஆய்வு முழுவதும் காலாவதியாகும்.

ஆகவே விடுதி சேரும் மாணவர், இக்கட்டுரையின் முதல் எட்டுப் பகுதிகளை மறந்தாலும் இழப்பில்லை. ஒரு பூட்டு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு பெட்ஷீட் ஆகிய மூன்றையும் பெட்டியில் மேலாக வைத்துக்கொண்டு முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வருபவருக்குக் கதவோரக் கட்டில்தான்.